சீட்டின் அடிப்பக்கம்

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தினமும் காலையில் சாந்தோம் கடற்கரையோரம் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

சீட் கல் மாதிரி இருந்ததால், ஸ்கூட்டர் சீட் தைக்கும் கடையில் கொடுத்து, தடியான ஸ்பான்ஜ் வைத்துப் புது ரெக்சின் உறை போட்டேன். நல்ல சொகுசு. ஆனால் அடியிலிருந்த பிளாஸ்டிக் தட்டில் விரிசல் இருந்ததை நான் பார்க்கவே இல்லை. உறை அதையும் சேர்த்து மூடிவிட்டது.

மறுநாள் மீன் கடைகள் அருகே தட்டு படக்கென்று உடைந்து, சீட் கழன்று விழுந்தது. எப்படியோ முன்னால் குதித்து நின்றேன். பின்னால் வந்த ஆட்டோ என் புடவையை உரசிக்கொண்டு போனது.

"இன்னாக்கா, உசுரு மேல ஆசையே இல்லியா? வுட்டுடு இத்த!" என்று கத்தினார் மீன்காரம்மா.

வீட்டில் கணவரும், "இந்த வயசுல இது தேவையா?" என்றார்.

"உங்க ஸ்கூட்டர் பிரேக் அறுந்தப்போ, பிரேக்கை மாத்தினீங்களா, ஸ்கூட்டரை விட்டீங்களா?" என்றேன்.

வெல்டிங் கடையில் இரும்புத் தட்டு வெட்டி வாங்கி, அதன்மேல் அதே ஸ்பான்ஜைப் பொருத்தினேன். இப்போதெல்லாம் ஏறுவதற்கு முன் சீட்டின் அடிப்பக்கத்தைக் குனிந்து தடவிப் பார்க்கிறேன். பிறகு அதே மீன் கடைகள் வழியாகத்தான் போகிறேன். அந்தம்மா தலையில் அடித்துக்கொள்கிறார். நான் ஓட்டியபடியே இரண்டு கையாலும் ஒரு கும்பிடு போடுகிறேன்.