கூடத்தில் நான்கு கைபேசி, பள்ளிப்பட்டில் ஒன்று

உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வதில் நான் பெரிய கெட்டிக்காரி இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் தூக்கத்தில்கூடப் படித்துவிடுவேன்: "அப்புறம் சொல்றேன்." ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதுகளையும் எடுத்துக்கொண்டு போனதிலிருந்து வீட்டில் எல்லோரும் என்னிடம் அதிகமாகச் சொன்னது அதுதான். கூடத்தில் எல்லா வாயும் ஒரே நேரத்தில் அசையும். சிரிப்பார்கள், முறைத்துக்கொள்வார்கள், அண்ணன் தொடையைத் தட்டுவான். பிறகு அரைமணி நேரச் சண்டை ஒரே வரியாகச் சுண்டி எனக்கு வரும். "அந்த மாட்ட வித்துடலாம்னு முடிவாயிடுச்சு." எனக்கு வாய் நன்றாகவே இருக்கிறது. ஆனால் மாட்டைப் பற்றி நான் ஏதாவது சொல்வதற்குள் அவர்கள் பேச்சு யாருடைய கல்யாணத்துக்கோ போயிருக்கும்.

உள்ளூர் இன்ஜினியர் ஒருவரிடம் வீட்டு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். போன வருடம் அம்பத்தூரில் ஓர் அலுவலகம் அதே வேலைக்குக் கூப்பிட்டது. தினமும் அரக்கோணம் போய் மின்சார ரயில் பிடித்துப் போய்வர வேண்டும். கடிதத்தை நைனாவிடம் கொடுத்தேன்; எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் படித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசலாம் என்று அண்ணன் சைகை காட்டினான். அவர்கள் கூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வாய்கள் அசையும், கடைசியில் 'வேணாம்' என்று ஒரு வரி வரும். இருபத்தெட்டு வயதில் யாரையும் கேட்காமல் ரயில் ஏறியிருக்கலாம்தான். ஆனால் எனக்குச் சண்டை போட்டுவிட்டுப் போக வேண்டும். சண்டை போடாமல் கிடைக்கும் சம்மதம் எனக்கு வேண்டாம்.

என்னோடு காது கேளாதோர் பள்ளியில் படித்தவள் ஒருத்தி பெங்களூரில் புரோகிராம் எழுதுகிறாள். அவளும் இன்னும் சிலரும் புதிதாக ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். இணையத்தில் ஒரு பக்கம்; அதில் பத்துப் பேர் இருந்தாலும் ஒரே நேரத்தில் எழுதலாம். நாங்கள் அதைப் பலகை என்போம். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. அதன் உள்வேலை முழுவதையும் திறந்தே வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் கம்ப்யூட்டரில் வைத்து நடத்தலாம். "யூஸ் பண்ணிட்டு குறை சொல்லு" என்று எழுதினாள். குறை சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

மற்ற செயலிகளில் எதிராளி தட்டிக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் காட்டும். முழுதும் வந்து விழும் வரை நாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதில் ஒவ்வோர் எழுத்தும் தட்டத் தட்ட வந்தது. அழிப்பதும் தெரிந்தது. அவள் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே நான் "பொய்!" என்று பக்கத்தில் எழுதினேன். அவள் அங்கேயே நின்று "எது பொய்?" என்றாள். அன்றைக்கு ஒரு மணி நேரம் காரணமே இல்லாமல் சண்டை போட்டோம். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு எந்தத் திருவிழாவிலும் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பலகையில்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். யாராவது வாயால் பேசினால் எழுந்து போய்விடுவேன் என்றும் சொன்னேன். என் கோபம் அவர்களுக்குத் தெரியும். கூடத்தில் நைனா, அம்மா, அண்ணன், நான். கட்டிக்கொடுத்த ஊரான பள்ளிப்பட்டிலிருந்து அக்காவும் அவள் புருஷன் பாவாவும் ஒரே கைபேசியில். முதல் ஐந்து நிமிடம் வேடிக்கைதான். அண்ணன் எழுதியதையே உரக்கப் படித்தான். நைனா அவனைப் பார்த்து வாயால் பதில் சொன்னார். நான் எழுந்தேன். இருவரும் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்கள்.

பிறகு நைனா ஒற்றை விரலால் தொடங்கினார். 'வே' என்று வந்தது. அதற்குமேல் விரல் நகரவில்லை. பள்ளிப்பட்டிலிருந்து அக்கா, "நைனா, வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க" என்று பாய்ந்தாள். நைனா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுத்துத் தேடிக்கொண்டிருந்தார். ஒருவழியாக, "வேற யாரு இங்கேர்ந்து அம்பத்தூர் போறாங்க?" என்று முடித்தார்.

பாவா தனக்குத் தெரிந்த மூன்று பேரைச் சொன்னார். அண்ணன் ஹாஸ்டல் என்றான். நான் முடியாது என்றேன். அவன் காரணம் எழுத ஆரம்பித்ததும் அதற்குக் கீழேயே பதில் எழுத ஆரம்பித்தேன். அவன் கோபத்தில் பாதியை அழித்தான். அதையும் பார்த்துவிட்டேன் என்று எழுதினேன். எனக்குக் கன்னம் வலிக்கும் அளவுக்குச் சிரிப்பு.

அம்மாவுக்குத் தட்ட வராது. பேசினால் எழுத்தாகும்படி அவள் கைபேசியில் மைக்கைப் போட்டுக் கொடுத்திருந்தேன். அதனால் அவளை மட்டும் பேச விட்டோம். ஒருமுறை போட்ட மைக்கை அணைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. "பருப்பு வெந்துச்சா தெரியல" என்று பலகையில் வந்தது. "உங்க நைனா பனியன பாரு, ஓட்டை" என்று வந்தது. ஆண்டுக்கணக்காக அந்த உதடுகள் முணுமுணுப்பதைப் பார்த்திருக்கிறேன். என்னவென்று அன்றுதான் தெரிந்தது. பெரும்பாலும் பருப்புதான்.

பிறகு அது வந்தது. "அரக்கோணத்துல ப்ளாட்பாரம் மாத்திடுவான். மைக்ல சொல்லுவான். எல்லாரும் ஓடுவாங்க, இவ மட்டும் நின்னுகினு இருப்பா. யாரு கைய புடிச்சி இட்டுகினு போவாங்க. நானும் கூட..."

நான் அவளை முடிக்க விடவில்லை. "எல்லாரும் ஓடினா நானும் ஓடுவேன்மா! கண்ணு இருக்குதில்ல?" என்று எழுதினேன். அவள் மறுபடி "நானும் கூட" என்று தொடங்கினாள். "நீ எதுக்கு கூட? மாச பாஸ் ரெண்டா எடுக்கறதா?" என்று எழுதினேன். அம்மா கைபேசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

பலகையில் வந்தது: "ஏய், பெரியவங்க பேசிகினு இருக்கசொல்ல குறுக்க குறுக்க பேசாத!"

ஒன்பது வயதுக்குப் பிறகு என்னை யாரும் அப்படித் திட்டியதில்லை. குறுக்கே பேசுவதற்கு எனக்கு வழியே இல்லாதபோது எப்படித் திட்டுவார்கள்? அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. என்ன ஆச்சோ என்று அண்ணன் என் தோளைப் பிடித்தான். "இன்னொரு தடவ திட்டும்மா" என்று வாயால்தான் கேட்டேன். நான் போட்ட விதியை நானே மீறினேன்.

அம்மா திட்டவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்க எழுந்தாள், கைபேசியைக் கையில் பிடித்தபடியே. நைனா 'ஆ' என்று ஓர் எழுத்து தட்டிவிட்டு அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் சமையலறையிலிருந்து முணுமுணுப்பு பலகைக்கு வந்தது.

"லூசு மாதிரி சிரிக்கிறா பாரு. இனிமே அஞ்சு மணிக்கே எழுந்து இவளுக்கு சோறு கட்டணும். இவள எழுப்பறதுக்குள்ள ட்ரெயினே போயிடும்."

நாங்கள் மூவரும் கைபேசியிலிருந்து ஒன்றாகத் தலையைத் தூக்கினோம். பள்ளிப்பட்டிலிருந்து பாவா கைதட்டும் படமாக அனுப்பித் தள்ளினார். முடிவு எனக்கும் மற்றவர்களுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அம்மாவுக்குத்தான் எல்லோருக்கும் கடைசியில் தெரிந்தது.