எதிர்ப்பக்கம் நின்று படித்தவர்

எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் டிபன் பாக்ஸை மூட மாட்டார்: "வெள்ளைக்காரன் காலத்து எட்டாவது இந்தக் காலத்து பி.ஏ.வுக்குச் சமம்ங்க." எனக்கு அதோடு சோறு இறங்காது. யார் வீட்டு எட்டாவது என்று கேட்க நாக்கு நுனிவரை வரும். என் அப்பாவும் வெள்ளைக்காரன் காலத்தில்தான் படித்தார். எந்த வகுப்பு என்று கேட்டால் நான் என்ன சொல்ல? ஜன்னலுக்கு வெளியே என்று ஒரு வகுப்பு கிடையாதே.

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில், கல்வராயன் மலை பார்வைக்குத் தெரிகிற தூரத்தில் அப்பாவின் ஊர். அங்கே சர்க்கார் உதவியோடு ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவும் இருந்ததாம். ஆனால் பள்ளிக்கூடம் நடந்த இடம் பண்ணையாரின் கட்டடம். உத்தரவு உள்ளே போயிற்று, எங்கள் சேரிப் பிள்ளைகள் வெளியே நின்றார்கள். வாத்தியார் நல்லவர் என்று அப்பா சொல்வார். ஜன்னலோரம் நிற்கிறவனை அவர் துரத்தவில்லை, அவ்வளவுதான் அந்த நல்ல மனசு.

பண்ணை மாடுகளை ஓட்டிப்போகிற வழியில் அப்பா அந்த ஜன்னலில் நிற்பார். உள்ளே பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, முன்னால் பரப்பிய மணலில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவார்கள். அவர்களுக்கு எதிரே, வாத்தியாரின் முதுகுக்குப் பின்னால் அப்பா. அவர்கள் எழுதிய ஒவ்வோர் எழுத்தும் அவருக்குத் தலைகீழாகவே தெரிந்தது. எழுத்தென்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அவர் பார்த்ததைத் திருத்த பக்கத்தில் ஒருவரும் இல்லை. விஷயம் தெரிந்தபோது பெரியவராகிவிட்டார், கண்ணும் பழகிவிட்டது.

அதனால் அவருக்குப் புத்தகம் படிக்க வரும், பலகை படிக்க வராது. புத்தகத்தைத் திருப்பிப் பிடிக்கலாம், பஸ்ஸைத் திருப்ப முடியுமா? வெள்ளிமலைக்குக் கூலி வேலைக்குப் போகிற நாட்களில், வருகிற பஸ்ஸையெல்லாம் எங்கே போகிறதென்று விசாரித்துக்கொண்டு ஸ்டாண்டில் நிற்பார்.

டவுனில் அவர் கூச்சமில்லாமல் படித்த இடம் ஒரு பாயின் மளிகைக் கடை. பாய் கல்லாவில் உட்கார்ந்து மேசைமேல் பேப்பரை விரித்துப் படிப்பார். சாமான் வாங்குகிற பக்கம் நின்று அப்பா அதே பேப்பரைக் கடகடவென்று படிப்பார். முதல் நாள் பாய் பேப்பரை அவர் பக்கம் திருப்பப் போனாராம்.

"வேணாம் பாய், அப்படியே வுடுங்க. எனக்கு இப்படித்தான் வரும்."

பாய் சிரிக்கவில்லை. "நல்லதாப் போச்சு. நீ அந்தாண்ட நின்னுக்கினு படி, நான் இந்தாண்ட படிக்கிறேன்."

அப்பாவுக்கு ஒரே ஓர் ஆசை. எங்கள் சர்ச்சில் எல்லோர் முன்னாலும் ஒருமுறை வேத பாடம் வாசிக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் அங்கே வாசிப்பது வழக்கம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஓர் அறுப்பின் பண்டிகைக்கு அப்பாவே வாசிக்கட்டும் என்று போதகர் சொல்லிவிட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பாடம்தான். அடுப்படியில் இருந்த அம்மாவுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

பண்டிகையன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் வாசிப்பு மேடையில் ஏறி நின்றார். விரித்திருந்த புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். தெரியாமல் செய்கிறார் என்று நினைத்த சபை மூப்பர் ஒருவர் எழுந்துபோய், அதை நேராக வைத்துவிட்டு, தோளில் தட்டிக்கொடுத்து வந்து உட்கார்ந்தார். பின்வரிசையில் சிரிப்பு கேட்டது. அப்பா மறுபடி திருப்பவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு இறங்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த மூப்பர் உதவிதான் செய்தார். எனக்கு அது தெரியும். இருந்தும் அவர்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அழுகையோடு கேட்டேன். "உனக்குத்தான் மனப்பாடமாத் தெரியுமேப்பா, பாக்காமலே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லலாம். அது வாசிக்கிறது ஆவாதேம்மா."

"அப்ப திரும்பவும் கவுத்து வெச்சிருக்கலாமில்ல?"

"அவங்க வந்து நேரா வெச்சிட்டுப் போறாங்க. நான் இன்னான்னு சொல்லிக் கவுக்கிறது?"

அதன்பிறகு வாசிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. வீட்டிலும் அந்தப் பாடத்தை எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்தவர்களைப் பற்றி ஒரு நாளும் கசந்து பேசாத மனிதர், உள்ளே வந்த பிறகு அடிபட்டுப் போனார்.

அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. இந்தக் கல்லறைத் திருநாளுக்கும் தண்ணீர்க் குடமும் சாமந்திப் பூவுமாகப் போனேன். கல்லறைமேல் படுக்கையாகப் பதித்த கல். அதில் அவர் பெயரும், அன்று வாசிக்காமல் போன பாடத்தின் முதல் வரியும். அந்த வரிதான் வேண்டும் என்று பிடிவாதமாகச் செதுக்கச் சொன்னவள் நான். கால்மாட்டில் நின்றால் எழுத்து எனக்கு நேராகத் தெரியும். கல்லைத் துடைத்துக்கொண்டே தலைமாட்டுப் பக்கம் போனபோதுதான் கவனித்தேன். அங்கிருந்து பார்த்தால் அத்தனையும் தலைகீழ். அப்பா எழுந்து உட்கார்ந்தால் அவருக்கு இப்படித்தான் தெரியும்.

கல்லைச் சுற்றிச் சிமெண்ட் பூசியிருக்கிறது. யாரும் வந்து நேராக்கிவிட முடியாது. நான் திரும்பவும் கால்மாட்டுக்கு வந்து, அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"அப்பா, இப்ப படி," என்றேன்.