மடியில் இருந்த பொத்தான்

மூன்று வருடங்களாக நான் எடுத்த கல்யாணப் படங்களில் ஒன்றுக்குக்கூட நான் கேமராவைத் தொட்டதில்லை. மண்டபத்தில் மூன்றாவது வரிசையில், பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மாமியாருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். மடியில், முந்தானை மறைவில், போன் இருக்கும். மேடைக்கு எதிரே ஸ்டாண்டில் கேமரா இருக்கும். அதன் பின்னால் என் கணவர் ஒரு கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்துகொண்டு நிற்பார். பொத்தானை அழுத்துவது போல அழுத்துவார். படம் எடுப்பது நான்.

கல்யாணத்துக்கு முன்னால் குயிலாப்பாளையத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். கெஸ்ட் ஹவுஸ் அறைகள், துணிக்கடைச் சட்டைகள், ஆரோவில்லில் யாராவது வனைந்த பீங்கான் கிண்ணங்கள் என்று எது வந்தாலும் படம் எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணம். கேமரா என் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. பெண் பார்க்க வந்தபோது மாமியார் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பொழுதுபோக்குக்கு நல்லதுதான் என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மரக்காணத்துக்கு வாழ வந்த கொஞ்ச நாளில் அனுமந்தையிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணப் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டது. மாமியார் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

"நம்ம வூட்டு மருமவ, அத்தினி ஆம்பளைங்க நடுவுல ஸ்டூல் மேல ஏறி நின்னுக்கினு போட்டோ புடிச்சா நல்லாவா இருக்கும்? நீயே சொல்லும்மா" என்று என்னையே கேட்டார். மாமனார் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்த வீட்டில் அவர் பேசாமல் இருந்தால் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். கேமரா பீரோவுக்குள் புடவைகளுக்கு நடுவே போனது.

அது வெளியே வந்தது கணவரின் அத்தை மகள் நிச்சயதார்த்தத்தில். சொல்லிவைத்திருந்த போட்டோக்காரர் வரவில்லை. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, என் கணவர் எழுந்து, வீட்டில் கேமரா இருக்கிறது, நான் எடுக்கிறேன் என்று சபையில் சொல்லிவிட்டார். கேமராவைப் பற்றி இவருக்குத் தெரிந்தது, அது கனமாக இருக்கும் என்பது மட்டும்தான். என்னைச் சமையல்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், இப்போது என்ன செய்வது என்று முழித்தார். வழி சொன்னது நான். கேமராவில் வைஃபை இருக்கிறது, போனில் ஆப் இருக்கிறது, நீங்கள் சும்மா நில்லுங்கள், நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுக்கிறேன் என்றேன். யோசனை என்னுடையது என்பதால் இன்றுவரை யாரையும் திட்ட முடியவில்லை.

கேமரா பார்ப்பதெல்லாம் என் போன் திரையில் தெரியும். மணப்பெண்ணின் கண்ணைத் திரையில் தொட்டால் கேமரா அந்தக் கண்ணைப் பிடித்துக்கொள்ளும். வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், எடுக்கலாம். போன் சேர்ந்திருக்கும்வரை கேமராவில் உள்ள பொத்தான் வேலை செய்யாது; நடுவில் தொடர்பு அறுந்தாலும், வைஃபையை அணைக்கும்வரை அது போனுக்காகவே காத்திருக்கும், என் கேமரா அப்படி. ஆனால் கேமராவைத் திருப்புவதையும், லென்ஸைத் திருகிக் கிட்டே கொண்டுவருவதையும் போனால் செய்ய முடியாது. அதற்குத்தான் கணவர். நான் தோட்டைத் தொட்டால் அவர் இடப்பக்கம் திருப்ப வேண்டும். வளையலைத் தள்ளினால் வலப்பக்கம். முந்தானையைச் சரிசெய்தால் லென்ஸைத் திருக வேண்டும். ஒருமுறை என் காதருகே ஒரு கொசு வந்தது. நான் தட்டத் தட்ட அவர் திருப்பிக்கொண்டே போனார். மாலை மாற்றும் நேரத்தில் என் திரை முழுக்க, பந்திக்கு இலை கழுவுகிற ஆள் நின்றார்.

மற்றபடி படங்கள் நன்றாக வந்தன. நன்றாக வரும், எடுத்தது நான். ஊரில் அவர் பேர் பரவியது. மழைக்காலத்தில் எங்கள் உப்பளத்தில் வேலை கிடையாது, கல்யாணம் உண்டு என்பதால் மாமனாருக்கும் இது பிடித்துப்போனது. பையனுக்குக் கை ராசி என்று மாமியார் சொந்தக்காரர்களிடம் சொல்லி மகிழ்ந்தார். என் கணவர் கழுத்தில் என் கேமராவை மாட்டிக்கொண்டு விசிட்டிங் கார்டு கொடுக்க ஆரம்பித்தார்.

நான் மட்டும் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. நடுவில் ஒரு தூண் வந்தாலோ, கொஞ்சம் தள்ளிப் போனாலோ வைஃபை அறுந்துவிடும். தண்ணீர் குடிக்கக்கூடப் போக மாட்டேன். கயிற்றில் கட்டிய ஆட்டுக்காவது சுற்றிவர இடம் இருக்கும். அழைப்பு வந்தால் படம் நின்றுவிடும் என்பதால் போனை ஃபிளைட் மோடில் போட்டிருப்பேன். என் அம்மா கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மாமியார் வீட்டில் போனைப் பிடுங்கிவைத்துவிட்டார்களா என்று ஒருநாள் அழுதார். பிடுங்கவில்லை அம்மா, அதை மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இவர் எடுக்கும் எல்லாக் கல்யாணத்துக்கும் நானும் போவதை ஊர் தனக்குத் தெரிந்த வழியில் புரிந்துகொண்டது. எனக்குப் புருஷன் மேல் சந்தேகமாம். ஒரு பந்தியில் பக்கத்து இலை அம்மா என் கையைத் தட்டி, "ஆம்பளைய அவ்ளோ இறுக்கிப் புடிக்கக் கூடாதும்மா. உட்டுப் புடிக்கணும்" என்று அக்கறையாகச் சொன்னார். நான் இலையைப் பார்த்தபடி தலையாட்டினேன். எனக்கு மூச்சு முட்டியது. இதை விட்டுவிடவும் முடியவில்லை. தாலி ஏறும் அந்த நொடியில் திரையில் பெண்ணின் முகம் மாறும்போது என் விரல் கீழே இறங்கும், பாருங்கள், அப்போது மட்டும்தான் நான் நானாக இருந்தேன்.

போன வருடம் கோடையில் ஒரு ஜோடி, கல்யாணத்துக்கு முன் எடுக்கும் படங்களை உப்பளத்தில் எடுக்க வேண்டும் என்று வந்தது. இப்போது அதுதான் பழக்கம். பாத்தியில் நிற்கிற தண்ணீரில் வானம் விழும், வரப்பில் ஜோடி நிற்கும். அவர்கள் வந்தது எங்கள் உப்பளத்துக்கே. மாமனார் கொட்டகையில் உட்கார்ந்து ஆட்களிடம் வேலை வாங்கிக்கொண்டிருந்தார். படம் எடுத்து முடித்ததும் என்னை அம்மா வீட்டில் விடப்போவதாக வீட்டில் சொல்லி அழைத்துவந்திருந்தார் கணவர். அதனால் நான் காரை விட்டு இறங்கக் காரணமே இல்லை. கதவைத் திறந்தால் என்னம்மா என்று மாமனார் எழுந்து வருவார். கண்ணாடியை இறக்கலாம் என்றால் சாவி இவர் பையில்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. வியர்வை போன் மேல் சொட்ட, அதைத் துடைத்துத் துடைத்து எடுத்தேன். பிறகு மாப்பிள்ளை உப்புக் குவியல் பக்கம் போகலாம் என்றார் போலிருக்கிறது. இவர் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தார். என் திரையில் படம் திக்கியது, பின் அப்படியே உறைந்துவிட்டது.

உறைந்த படத்தில் ஜோடி ஓரமாகக் கலங்கித் தெரிந்தது. நடுவில் சாலை. சாலையில் ஒரு வெள்ளைக் கார், கண்ணாடிகள் மூடியிருந்தன. உள்ளே ஒரு தலை குனிந்திருந்தது. யார் அது என்று ஒரு கணம் யோசித்தேன். வெளியிலிருந்து பார்த்தால் நான் இப்படித்தான் இருக்கிறேன்.

நிமிர்ந்து பார்த்தேன். தூரத்தில் அவர் அழுத்திக்கொண்டே இருந்தார். சூப்பர், இன்னொன்று என்று கையைக் காட்டுகிறார். வேலை செய்யாத பொத்தான் அது. அந்தப் பெண் கொளுத்துகிற வெயிலில், எங்கேயும் பதியாத படங்களுக்குச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். நான் தோட்டைத் தொட்டேன், வளையலைத் தள்ளினேன், முந்தானையை இழுத்தேன். காருக்குள் இருந்து செய்தால் யாருக்குத் தெரியும்?

கதவைத் திறந்து இறங்கிவிட்டேன்.

வரப்பு வழுக்கியது, செருப்பைக் கழற்றி எறிந்தேன். கால் வெடிப்பில் உப்பு ஏறி எரிந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் பலகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாமனார் எழுந்தார், ஆனால் கிட்டே வரவில்லை. நான் யாரிடமும் எதுவும் பேசாமல் கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றி, அதன் வைஃபையை அணைத்தேன். அந்த மணப்பெண்ணிடம் மட்டும், சிரிக்க வேண்டாம், தண்ணீரில் உன் நிழலைப் பார் என்றேன். பொத்தான் என் விரலுக்குக் கீழே இறங்கிய சத்தம் காதருகே கேட்டபோது அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் எடுத்தேன். கேமரா முகத்தை மறைத்தது நல்லதாயிற்று.

மாப்பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். "அண்ணா, அண்ணிக்கும் சூப்பரா சொல்லிக் குடுத்துட்டீங்க" என்றார்.

நான் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருந்தேன். ஒரு வார்த்தை போதும். அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்று அவர் சொல்லியிருந்தால், மூன்று வருடத்தையும் அந்தப் பாத்தியிலேயே கொட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

"ஏதோ, கொஞ்சம் கொஞ்சம்" என்றார் என் கணவர்.

காரில் திரும்பும்போது, அந்த இடத்தில் வேறு என்ன சொல்ல முடியும், அப்பா நின்றுகொண்டிருந்தாரே என்றார். வீட்டுக்குச் செய்தி எங்களுக்கு முன்னால் போயிருந்தது. ஏதோ அவசரத்துக்குச் செய்தது சரி, இனிமேல் வேண்டாம் என்று மாமியார் தன்மையாகச் சொன்னார்.

அதே ஜோடியின் கல்யாணம் வந்தது. அதே மூன்றாவது வரிசை. கெட்டிமேளம் கொட்டியதும் எல்லோரும் அட்சதை போட எழுந்தார்கள். நான் உட்கார்ந்தபடியே பெண்ணின் முகத்தைத் தொட்டு, எடுத்தேன். எடுத்த படம் திரையில் வந்து நின்றது. பக்கத்தில் மூச்சு சத்தம் கேட்டது. மாமியார் மேடையைப் பார்க்கிறார், போனைப் பார்க்கிறார், மறுபடி மேடையைப் பார்க்கிறார்.

"நான்தான் எடுக்கறேன் அத்தை" என்றேன். "ஆரம்பத்துலேர்ந்து."

அவர் குரலைத் தாழ்த்தி, "அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. அவன் மானம் போயிடும்." கெஞ்சலாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எனக்கும் ஒரு மானம் இருக்கும் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றவே இல்லை.

தாலி ஏறிவிட்டது, அந்தப் படம் பத்திரமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். ஆப்பை மூடி, வைஃபையை அணைத்து, கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மேடையில் அன்பளிப்புக் கொடுக்க வரிசை நின்றது. கணவர் கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வழக்கம்போல அழுத்தினார். பொத்தான் வேலை செய்தது. அவர் திடுக்கிட்டதை நான் பார்த்தேன். எடுத்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தோட்டைத் தொடவில்லை. இன்னும் இரண்டு அழுத்திப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். குனிந்து, என்ன ஆச்சு என்று கிசுகிசுத்தார்.

நான் கிசுகிசுக்கவில்லை. "நான் வுட்டுட்டேங்க. நீங்க எடுங்க, இல்ல நான் எடுக்கறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

முன்வரிசைத் தலைகள் திரும்பின. மேடையில் ஒரு குடும்பம் சிரித்த வாயோடு காத்திருந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் அவர் கழுத்துப் பட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நான் போனை நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

மேடைக்கு நடந்தபோது பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. "பாவம், அந்தப் புள்ளைக்கு உடம்பு சரியில்ல போலக்குது. பொண்டாட்டி போய் நிக்குறா." அவர்களுக்கு அப்படித்தான் புரியும். இருக்கட்டும்.

அன்று முழுவதும் நின்றபடியே எடுத்தேன். ஸ்டூல் கேட்டு வாங்கி, ஏறி நின்றும் எடுத்தேன். நடுவில் ஒருமுறை திரும்பி, மூன்றாவது வரிசையைக் கிட்டே இழுத்து ஒரு படம் எடுத்தேன். அதில் மாமியாருக்குப் பக்கத்தில், என் நாற்காலியில், மடியில் என் போனோடு என் கணவர் உட்கார்ந்திருக்கிறார். கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.