சித்தியின் செகண்ட்ஸ் பல்

எங்கள் வீட்டில் குறையில்லாத கோப்பை ஒன்றுகூடக் கிடையாது. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர் வீட்டில் அது இருக்கவும் முடியாது. கோணாத கோப்பையும் புள்ளி விழாத சாசரும் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் ஏறி வெளியூருக்குப் போய்விடும். காது சாய்ந்தது, வாய் நெளிந்தது, மெருகுக்கு அடியில் பழுப்புப் புள்ளி விழுந்தது எல்லாம் 'செகண்ட்ஸ்' என்ற பெயரோடு ஊருக்குள்ளேயே தங்கிவிடும். அப்பா அந்த மெருகை, அதாவது கிளேஸ், பூசுகிற பகுதியில் இருந்தார். அதனால் எங்கள் வீட்டுச் செகண்ட்ஸ் மற்ற வீட்டுச் செகண்ட்ஸைவிட ஒரு படி உசத்தி என்று அம்மாவுக்கு ஒரு பெருமை உண்டு.

இப்படி ஓர் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு உலகத்தில் இரண்டே வகைதான். நான் கண்ணில் பட்டதையெல்லாம் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பு டீச்சர் ஃபர்ஸ்ட், கணக்கு வாத்தியார் செகண்ட்ஸ். நல்லூர் போகிற பஸ் சந்தேகமே இல்லாமல் செகண்ட்ஸ். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது தர்மபுரிப் பக்கத்திலிருந்து டிரங்குப் பெட்டியோடு சித்தி வந்து இறங்கினாள்.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. தலைமுடியிலும் நடையிலும் அம்மாவைத் தோற்கடித்துவிடுவாள். சிரிப்பு வந்தால் மட்டும் கை தானாக வாய்க்குப் போய்விடும். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. சாப்பிடும்போது ஒருநாள் பார்த்துவிட்டேன். முன்பற்களில் சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டுகள், அவற்றின் குறுக்கே பழுப்பு வரிகள். எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையில் கேட்டேன்.

"சித்தி, ஒன் பல்லு செகண்ட்ஸா?"

அம்மாவின் கையிலிருந்த கரண்டி என் தலையை நோக்கி வந்தது. சித்தி குறுக்கே கையை நீட்டித் தடுத்துவிட்டு, "அப்பிடின்னா என்னா பாப்பா?" என்று கேட்டாள். நான் என் டீ கோப்பையைத் திருப்பிப் புள்ளிகளைக் காட்டினேன். அவள் நகத்தால் ஒரு புள்ளியைச் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை.

"இதெல்லாம் தூக்கிப் போட்டுருவாங்களா?"

"ஐய, யாராவது தூக்கிப் போடுவாங்களா? இததான் வூட்ல வெச்சிக்குவோம்."

சித்தி சிரித்தாள். கையால் மூடிக்கொண்டுதான் சிரித்தாள்.

சித்தி எங்களோடு தங்கியதற்குக் காரணம் அம்மாவின் பிடிவாதம். அவர்கள் ஊரில் பழைய கிணறு வற்றிய பிறகு பாறையை உடைத்து ஆழக் கிணறு ஒன்று இறக்கினார்களாம். அம்மா வளர்ந்தது பழைய கிணற்றுத் தண்ணீரில், சித்தி வளர்ந்தது புதுக் கிணற்றுத் தண்ணீரில். அந்தத் தெருவில் எல்லாப் பிள்ளைகளின் பல்லும் அப்படித்தான் இருக்கும் என்பதால் அங்கே அதை யாரும் ஒரு குறையாக நினைப்பதில்லை. சித்தியைக் கேட்டு உள்ளூரிலிருந்தே இரண்டு இடம் வந்தது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் நல்லதாக இருக்கிற ஊரில்தான் தங்கையைக் கொடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்று அழைத்து வந்துவிட்டாள்.

கறையைப் போக்குவது தன் பொறுப்பு என்று அப்பா முன்வந்தார். பீங்கானோடு பழகிய மனிதர் அல்லவா? கம்பெனியிலிருந்து மைபோல அரைத்த வெள்ளைக் கல்பொடியை ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். "இத வெச்சி நல்லா தேச்சா பளிச்சுன்னு ஆயிடும்" என்றார். சித்தி தினமும் கிணற்றடியில் நின்று தேய்த்தாள். ஈறில் ரத்தம் வந்தது, கறை வரவில்லை. அப்பா இன்னும் நைசான பொடி கொண்டுவந்தார்.

இதற்கு நடுவில் பெண் பார்க்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அது கேசரி வருகிற நாள். வந்தவர்கள் சாப்பிட்டார்கள், சித்தியிடம் ஏதாவது கேட்டார்கள், சித்தி பதில் சொல்ல வாயைத் திறந்தாள், "போயிட்டுத் தகவல் சொல்றங்க" என்று கிளம்பினார்கள். தகவல் வரவில்லை. தகவல் வராதவரை அடுத்த கேசரி உண்டு என்பது வரைக்கும்தான் என் கணக்கு. சட்டியில் மிஞ்சியதை வழித்துத் தின்பதும் நான்தான்.

அந்தக் கேசரியும் கடலைமிட்டாயும் என் கடைவாயில் வேலையைக் காட்டின. பார்வைக்கு என் பல் முத்து முத்தாக இருக்கும், முதல் தரம். பின்னால் எல்லாம் சொத்தை. ஒருநாள் கன்னம் வீங்கி, கிராம்புக்கும் அடங்காமல் நான் தரையில் புரண்டபோது, அப்பாவும் சித்தியும் என்னைக் கடைவீதி மாடியில் இருந்த பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். சித்தி என்னை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, டாக்டர் குறட்டால் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். என் அலறல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

பஞ்சை வைத்து என் வாயை அடைத்த பிறகு டாக்டரின் கண் சித்தியின் மேல் போனது. "நீயும் வாயத் திறம்மா" என்றார். சித்தி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அப்பா கெஞ்சித் திறக்கவைத்தார். டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, "ஒரு சொத்தை இல்லியே! இந்தப் பாப்பாவுக்கு உன் பல்லு இருந்திருந்தா நான் குறடே எடுத்திருக்க மாட்டேன்" என்றார்.

பிறகு அப்பாவுக்கு விளக்கினார். ஃப்ளோரைடு என்று ஒன்று தண்ணீரில் இருக்கிறது. சில ஊரில் அது அளவுக்கு மீறி இருக்கும். பல் ஈறுக்குள் உருவாகும்போதே போய்ச் சேர்ந்து கறையாகிவிடும். வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பையும் பிடிக்கும். ஆனால் அதுவே கொஞ்சமாகப் பல்லில் பட்டால் சொத்தை வராமல் காக்கும். சித்தியின் கறை மேலே ஒட்டியதல்ல, உள்ளே ஊறியது. தேய்த்தால் போகாது.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "மெருகுக்கு அடியில இருக்கிற புள்ளி தேச்சா போவுமா? இத்தினி வருசம் கம்பெனில நான் என்னாத்தக் கத்துக்கிட்டேன்?" கல்பொடிப் பொட்டலம் அன்றைக்கே சாக்கடைக்குப் போனது.

எனக்கு டாக்டர் ஃப்ளோரைடு கலந்த பேஸ்ட் எழுதிக் கொடுத்தார். அது எங்கள் கடைவீதியில் கிடைக்காமல், அப்பா மங்கலம்பேட்டையில் ஒரு கடையில் தேடிப்பிடித்து வாங்கிவந்தார். விஷயம் தெரிந்ததும் அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். "எங்க ஊருல அந்தத் தண்ணியக் குடிச்சி கழுத்தத் திருப்ப முடியாம ஒடம்போட திரும்பிப் பாக்கறாங்க. அதுக்குத்தான் இவள அங்கிருந்து இட்டாந்தேன். அத நீங்க காசு குடுத்து வாங்கி எம்பொண்ணு வாய்ல வெக்கறீங்களா?"

பேஸ்ட் குப்பைக்குப் போயிருக்கும். காப்பாற்றியது சித்திதான். "அளவுன்னு ஒன்னு இருக்குதுல்லக்கா? அந்த டாக்டரு அளவு சொல்லித்தான் குடுத்திருக்காரு. எங்கிட்ட வுடு, நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து தினமும் காலையில் கிணற்றடியில் எனக்குக் காவல். பச்சைப்பயறு அளவு பேஸ்டைப் பிரஷ்ஷில் வைப்பாள். அதற்கு மேல் கெஞ்சினாலும் கிடைக்காது. தேய்த்து முடிக்கும்வரை எதிரில் குந்தியிருப்பாள். "துப்பு" என்பாள். துப்பினால், "இன்னும் துப்பு" என்பாள். அப்புறம் என் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பி ஒவ்வொரு பல்லாகப் பார்ப்பாள். பேஸ்ட் இனிப்பாக இருக்கும். அதை விழுங்கவிடாமல் தடுக்கிற சித்தி மகா கஞ்சம் என்று முடிவுகட்டியிருந்தேன். அந்தத் தேடல் எதற்கு என்று வெகுகாலம் கழித்துத்தான் பிடிபட்டது. தன் கறை என் பல்லில் எங்காவது இறங்கிவிட்டதா என்று அவள் ஒவ்வொரு நாளும் பயந்து பயந்து பார்த்திருக்கிறாள்.

இன்றைக்கும் கடலை உருண்டையைக் கடித்து உடைக்கிறேன் என்றால் அது அவள் புண்ணியம். அப்புறம் முளைத்த பல்லில் ஒன்றுகூடச் சொத்தையாகவில்லை. சித்தியைப் பிற்பாடு ஸ்ரீமுஷ்ணத்தில் கொடுத்தார்கள். நல்ல தண்ணீர், நல்ல மனிதர். நான் போனால் காபியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் இப்போதும் என் தாடையைத்தான் பிடிக்கிறாள்.

சொல்ல வந்தது, பேஸ்ட் வாங்கிக் கொஞ்ச நாள் கழித்து நடந்தது. என் கடைவாயில் இன்னொரு பல் ஆடத் தொடங்கியது. டாக்டரின் குறடு கண்ணுக்குள்ளேயே நின்றது. படுத்தபடி யோசித்தேன். சித்திக்குச் சொத்தையே இல்லை என்று டாக்டர் சொன்னார். ஏன் இல்லை? அவள் பல் செகண்ட்ஸ். அது எதனால் ஆனது? இந்தப் பேஸ்டில் இருப்பதை நிறையச் சாப்பிட்டதால். வழி இவ்வளவு சுலபமாக இருக்க, தினம் பயறளவு வைத்துத் துப்பச் சொல்கிறார்களே என்று பெரியவர்களை நினைத்துப் பரிதாபமாகக்கூட இருந்தது.

மறுநாள் பெண் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வீடு அந்தப் பரபரப்பில் இருந்தபோது டியூபை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். பிதுக்கிப் பிதுக்கிக் கேசரிபோல விழுங்கினேன். வந்தவர்கள் தகவல் சொல்கிறோம் என்று வாசல் இறங்கிய சமயத்தில் வயிற்றைப் புரட்டி, வேப்பமரத்தடியில் நுரை நுரையாக வாந்தி எடுத்தேன்.

பட்டுப்புடவையோடு ஓடிவந்தது சித்திதான். கீழே கிடந்த டியூபைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, பாலு! பால எடுத்தா!" என்று கத்தினாள். என்னை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பாலைப் புகட்டினாள். அவசரத்தில் பாதிப் பால் என் கழுத்தில் வழிந்தது. அப்பா சைக்கிளில் டாக்டரிடம் ஓடிப்போய்க் கேட்டுவந்தார். தின்றது கொஞ்சம்தான், அதிலும் பாதி வாந்தியில் போய்விட்டது, பால் கொடுத்தது நல்லது, பயப்பட வேண்டாம் என்றாராம்.

அம்மா அதுவரை அடக்கிவைத்திருந்த கோபத்தோடு வந்து நின்றாள். "ஏண்டி தின்ன? இனிக்குதுன்னா தின்ன?"

"இல்ல."

"பின்ன?"

"சித்தி மாதிரி பல்லு வோணும்னு."

அம்மாவின் ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் பல்லா? இதுவா பாப்பா ஒனக்கு வோணும்?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய் முழுக்கத் திறந்து, அந்தப் பழுப்பு வரிகள் அத்தனையும் தெரிய, சத்தம் போட்டுச் சிரித்தாள். கை வாய்க்குப் போகவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

அவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்துபோயிற்று. மங்கலம்பேட்டைவரை போய் வாங்கிவந்த பேஸ்ட் அல்லவா?

"அழுவாத சித்தி" என்றேன். "அப்பாவ வேற டியூபு வாங்கியாரச் சொல்றேன்."