சித்ராதேவிக்குப் பிடித்த படங்கள்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியின் பெண்கள் விடுதிக்கு சித்ராதேவி வார்டன். புருஷன் செத்த பிறகு விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். கேட்டின் சாவி அவள் இடுப்பில்தான். சாப்பாடும் படுக்கையும் விடுதியிலேயே. அதை விட்டால் அவளுக்கு வேறு கூரை கிடையாது.

அவளுக்கு ஒரே பைத்தியம், வருங்காலத்தைக் காட்டும் டப்பிங் படங்கள். மனுசரை மதிலுக்குள் அடைத்து, குடிக்கிற தண்ணீரையும் அளந்து ஊற்றுகிற கெட்ட காலம். அதில் ஒருத்தி மட்டும் முடியாது என்று நிமிர்ந்து நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாலில் அப்படிப் படம் ஓடினால், பிள்ளைகளைவிடச் சத்தமாக விசிலடிப்பது வார்டன்தான். "அடி சக்கை! பொம்பளைன்னா இவ பொம்பளைடி!"

ஒரு ஞாயிறு, கதாநாயகி மதிலில் ஏறிக்கொண்டிருந்த நேரம், நதியா அழுதுகொண்டு வந்து நின்றாள். பத்தொன்பது வயது, சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை. அம்மாவுக்கு மூச்சுத் திணறுகிறது என்று அப்பா போன் செய்திருந்தார்.

"மூணு மணி பஸ்ஸப் பிடிச்சா இன்னைக்கே அம்மாவப் பாத்துருவேன். கேட்டத் திறந்து விடுங்கக்கா."

சித்ராதேவி மேனேஜர் சசிகுமாருக்குப் போன் போட்டாள்.

"எல்லாப் புள்ளைகளும் இதையேதானுங்க சொல்லுது," என்றார் அவர். "போன மாசம் ஒண்ணு இப்படித்தான் போய்க் கல்யாணம் பண்ணிக்கிச்சு. புதன்கிழமை ஷிப்மென்ட் சரக்கு போகட்டுங்க. அதுக்கு முன்ன கேட்டைத் தொறந்தா, நீங்களும் கூடவே கெளம்பிக்கலாங்க."

நதியா பொய் சொல்லவில்லை. அந்த அழுகையைப் பார்த்தால் கல்லுக்கும் தெரியும். சித்ராதேவியின் கை சாவியைத் தொட்டது, தொட்டதோடு சரி.

"புதன்கிழமை போலாம்மா. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது."

நதியா டிவியைக் காட்டினாள். "அப்ப இதெல்லாம் எங்களுக்கு எதுக்குக்கா போட்டுக் காட்டுதீக?"

"அது படம்டி."

அவ்வளவுதான், வீரமெல்லாம் விசிலோடு போயிற்று. பாழாய்ப்போன வயிறு என்று ஒன்று இருக்கிறதே, அது யாரைத்தான் நிமிர விடுகிறது!

செவ்வாய்க்கிழமை விடியற்காலை அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு கம்பெனியே கார் வைத்து நதியாவை அனுப்பியது.

காரியம் முடிந்து அவள் திரும்பி வந்தாள். கரையேற்ற இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள், வராமல் எங்கே போவாள்? கேட்டில் இருந்த நோட்டில் கையெழுத்துப் போட்டாள். சித்ராதேவி மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள், வந்தது வேறு.

"அம்மா கடைசியா ஏதாச்சும் சொன்னாகளா?"

"என்னையத்தான் கேட்டுருக்காக." நதியா பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "'அந்த வார்டன் நல்ல மனுசி, எப்படியும் அனுப்பி வச்சிருவா'ன்னு அப்பாகிட்டச் சொல்லிட்டே இருந்தாகளாம்."