வேனுக்கு ஒட்டாத பொட்டு

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். வெளிநாட்டு உதவியில் நடக்கும் திட்டங்களின் ஆட்களை ஓர் அறையில் உட்கார வைத்து, அடுத்த மூன்று வருடம் எதைச் செய்வது, எதை நிறுத்துவது என்று அவர்களையே பேசி முடிவெடுக்க வைப்பது. நான் மட்டும் கருத்துச் சொல்லக் கூடாது. அதுதான் தொழில் தர்மம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான்.

அன்றைக்குக் கூட்டம் மலேசியாவின் ஈப்போ நகரில், ஒரு ஹோட்டலில். தாப்பா ஊரைத் தாண்டி, ரப்பர் பால் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்ட ஒரு பழைய தோட்டத்தில் நடந்த திட்டம் அது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இன்னும் சில குடும்பங்கள் இருந்தன. சுவரில் ஐந்து தாள்கள் ஒட்டியிருந்தேன்: டியூஷன், தையல், கம்ப்யூட்டர் வகுப்பு, காய்கறித் தோட்டம், நோயாளிகளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் வேன். ஆளுக்கு மூன்று பச்சைப் பொட்டு. எது முக்கியமோ அதில் ஒட்ட வேண்டும். குறைவாகப் பொட்டு விழுந்த இரண்டும் நின்றுவிடும்.

தேநீர் இடைவேளையில் அக்கா என்னிடம் வந்தார். அந்த லயத்திலேயே குடியிருந்து திட்டத்துக்கு வேலை பார்ப்பவர். அவர் கணவருக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அந்த வேனில்தான் போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வருவார். முந்தைய மாதம் தோட்டத்துக்குப் போனபோது நானே அவர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

“அண்ணே, வேனுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?”

“எல்லாரும் சேந்து முடிவு பண்ணுவோம்க்கா,” என்றேன். பெரிய பதில்.

பொட்டு ஒட்டும் நேரம் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அம்மையார் முதலில் எழுந்து மூன்றையும் கம்ப்யூட்டர் வகுப்பில் ஒட்டினார். மேலிடத்து ஆட்களைக் கடைசியில்தான் ஒட்டச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றவர்களும் அங்கேயே ஒட்டுவார்கள். எனக்குத் தெரியாதா? தெரியும். அவருக்கு விமானம் பிடிக்கும் அவசரம், எனக்குப் பசி, விட்டுவிட்டேன். அக்கா வேன் தாளுக்கு முன்னால் போய் நின்றார், விரல் நுனியில் பொட்டோடு. பிறகு நகர்ந்து போய், மூன்றையும் வேறு தாள்களில் ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். வேனுக்கு அதன் டிரைவர் ஒட்டியது மட்டும்தான்.

ஏன் நகர்ந்தார் என்று அந்த நிமிடமே எனக்குப் புரிந்தது. நானும் லயத்தில் பிறந்தவன்தான். நாலு பேர் முன்னால், அதுவும் வெளியார் முன்னால், தன் வீட்டுக்கு வேண்டியதைத் தானே கேட்பது எங்களுக்குக் கேவலம். அதற்காகவே, பொட்டு ஒட்டி முடிந்ததும் “யாருடைய பாடு இதில் விட்டுப்போச்சு?” என்று எப்போதும் ஒரு கேள்வி கேட்பேன். அன்றைக்குக் கேட்கவில்லை. தாள்களைப் படம் எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனோம். கோழி நன்றாக இருந்தது. அந்தச் சனியனும் நினைவிருக்கிறது.

எட்டு மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். கணவர் உள்ளே கட்டிலில் இருந்தார். முழங்காலுக்குக் கீழே வலது கால் இல்லை.

“வேன் நின்ன பெறகு பக்கத்து வூட்டு மோட்டார் சைக்கிள்லதான் போனாரு. ஏறி எறங்க சுசா, ரொம்பக் கஷ்டம். அப்புறம் போவாமயே விட்டுட்டாரு,” என்றார் அக்கா.

“அன்னிக்கு நீங்க ஏன்க்கா வேனுக்கு ஒட்டல?” கேட்டே விட்டேன், எட்டு மாதம் தாமதமாக.

“எங்க வூட்டுக்காரரு போற வேனுக்கு நானே எப்படிண்ணே ஒட்டுறது? அசிங்கமா இருக்கும்லா.” தேநீர்க் கோப்பையை என் கையில் கொடுத்தார். “நீங்க பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க. நம்ம ஆளு, ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு நெனச்சேன்.”

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

உள்ளேயிருந்து கணவர் கேட்டார். “வேன் விசயமாவா வந்திருக்காரு? திரும்ப விடுவாங்களான்னு கேளேன்.”

திட்டத்தின் அடுத்த ரிவியூ கூட்டத்துக்கு அக்காவை அழைக்கும் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. அதற்காகத்தான் வந்திருந்தேன். அக்கா என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். கேட்கவில்லை.