பூஜ்யத்தில் ஓடிய இட்லி வண்டி

பழைய மின்சாரக் கார் வைத்திருப்பவரை நான் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன்: அவர் சாலையைப் பார்த்து ஓட்டமாட்டார், சார்ஜ் மீட்டரைப் பார்த்துத்தான் ஓட்டுவார். நீங்களும் அந்தக் கூட்டம்தான் என்றால், வழக்கம்போல ஏசியை அணைத்துவிட்டு, வியர்த்துக்கொண்டே இதைப் படியுங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில், உங்களைப் போன்றவர்களின் கார்களுக்கு மாற்று பேட்டரி போட்டுக்கொடுக்கிறோம், நானும் என் கூட்டாளி ஸ்டீபனும். வேலை முக்கால்வாசி அவனுடையது. பேச்சு முழுக்க என்னுடையது.

கயிறு கட்டி வந்த கார்

பொன்னேரிப் பக்கத்துக் கலாராணியின் காரை ஒரு லோடு ஆட்டோ கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. காரின் பின் சீட் முழுக்கக் காலி இட்லிப் பானைகள். அவளுக்கு என் மகள் வயசிருக்கும். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை கேன்டீனுக்குக் காலை எட்டு மணிக்குள் நாஷ்டா இறக்கவேண்டும். அதுதான் அவள் பிழைப்பு. அந்த வாரத்தில் மட்டும் இரண்டு முறை கவரப்பேட்டை தாண்டியதும் வண்டி படுத்துவிட்டது. இன்னொரு முறை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கேன்டீன் மேனேஜர் சொல்லிவிட்டார்.

கார் விற்றவர்களிடம் போனால், அந்த மாடலுக்கு இப்போது பேட்டரியே வருவதில்லை என்று கையை விரித்துவிட்டார்களாம். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். கலாராணி சொன்னாள்: "புதுசா கார் வாங்கிக்கோன்றாங்க நைனா. அவ்ளோ டப்பு இருந்தா நான் இன்னாத்துக்கு நாலு மணிக்கே எழுந்து மாவு ஊத்திக்கினு கெடக்கறேன்?"

பெட்டிக்குள் ஓணான்

காருக்கடியிலிருந்து பேட்டரிப் பெட்டியை இறக்கி, ஸ்டீபன் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தான். உள்ளே அடுக்கியிருந்த செல்களில் பாதி, பொரித்த அப்பளம் மாதிரி உப்பிப்போயிருந்தன. கலாராணியின் முகம் செத்துப்போனது.

தைரியம் சொல்லலாமென்று ஆரம்பித்தேன். "இதெல்லாம் ஒண்ணுமே இல்லம்மா. திருவாலங்காட்டுல இருந்து ஒரு கார் வந்துச்சு. பெட்டிக்குள்ள ஒரு ஓணான் குடும்பம் நடத்திக்கினு இருந்துச்சு. மூக்குல ஒரு கம்பி, வாலுல ஒரு கம்பி வெச்சுப் பார்த்தேன், சுளையா மூணு வோல்ட் காட்டுது. சரி, அதுவும் இருந்துட்டுப் போவட்டும்னு ஒரு செல்லா சேர்த்துக் கட்டி அனுப்பிட்டேன். இன்னிக்கும் அந்தக் கார் ஓடிக்கினுதான் இருக்குது."

ஸ்டீபன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "போன வாரம் அது பெருச்சாளின்னு சொன்ன, பெருசு."

கற்பூரத் தட்டு

மூன்றாம் நாள் அதே பெட்டிக்குள் புது செல்கள் உட்கார்ந்துவிட்டன. இப்போது வரும் செல்கள் அதே இடத்தில் பழையதைவிட அதிகம் சார்ஜ் பிடிக்கும். எங்கள் கொட்டகையிலிருந்து எந்த வண்டியும் எலுமிச்சம்பழம் நசுக்காமல் வெளியே போனதில்லை. கலாராணி அதோடு நிற்கவில்லை. கற்பூரத்தை ஏற்றித் தட்டோடு குனிந்து, நேராக பேட்டரிக்கே காட்டப் போனாள்.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஸ்டீபன் குறுக்கே பாய்ந்து மறித்தான். "வாசல்ல நின்னு காட்டுக்கா. சாமிக்குக் கண்ணு நல்லாவே தெரியும்."

ஏழு நாற்பதுக்குப் பூஜ்யம்

மறுநாள் காலை முதல் ஓட்டம். துணைக்கு நானும் பொன்னேரி போய் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். பின்னால் இட்லி, பொங்கல், சாம்பார். கவரப்பேட்டை தாண்டும்போது சார்ஜ் மீட்டர் பத்து சதவீதம் காட்டியது. சிப்காட் திருப்பத்துக்கு முன்னால் பூஜ்யம். கலாராணி ஓரங்கட்டி, லோடு ஆட்டோவைக் கூப்பிடப் போனை எடுத்தாள். மணி ஏழு நாற்பது. ஆட்டோ வந்து பானை மாற்றினால் எட்டு தாண்டிவிடும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புது பேட்டரி போட்டால் அதன் அளவை மீட்டருக்கும் சொல்லிக்கொடுக்கவேண்டும். அந்த ஒரு வேலை என்னுடையது. கற்பூர அமளியில் மறந்துபோனேன். மீட்டர் பாவம், செத்த பேட்டரியின் கணக்கையே ஒப்பித்துக்கொண்டிருந்தது. "பாதிக்கு மேல இருக்குதும்மா, நிறுத்தாத, ஓட்டு" என்றேன். "ஓணானுக்கு மூணு வோல்ட்டுன்ன வாய்தான நைனா இது?" என்றாள். நாற்பது வருஷமாக நான் விட்ட கதையெல்லாம் மொத்தமாக வந்து அந்த முன் சீட்டில் என் மடிமேல் உட்கார்ந்தது.

ஸ்டீபனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். என்னையே சொல்லச் சொன்னான். மீட்டர் விஷயத்தைச் சொன்னேன். நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது. ஸ்டீபன் சிரித்தான். "நம்பி ஓட்டுக்கா. பொய்யின்னா பெருசு மழையாட்டம் கொட்டும். இப்டி திக்குதுன்னா நெஜந்தான்."

திருத்தப் போன இடத்தில்

எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க, பூஜ்யத்திலேயே கேன்டீன் வாசலில் போய் நின்றோம். மேனேஜர் ஓர் இட்லியைத் தொட்டுவிட்டுச் சூடு தாங்காமல் விரலை உதறினார். நாளையிலிருந்து வடையும் கொண்டுவரச் சொன்னார்.

பத்து நாள் கழித்து ஒரு மாலையில், மீட்டரைத் திருத்த லேப்டாப்போடு அவள் வீட்டுக்குப் போனேன். காரைத் தொடவிடாமல் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். "வேணாம் நைனா. என் கொழுந்தன் டெய்லி சாயங்காலம் வண்டிய எடுத்துக்கினு ஊரு சுத்துவான், காலைல எனக்கு சார்ஜே இருக்காது. இப்ப வந்து எட்டிப் பாக்கறான், பூஜ்யம்னு இருக்குது, சாவிய வெச்சிட்டு நடந்தே போறான்."

ஆக, இந்தத் தொழிலில் வாடிக்கையாளர் மனசார வாழ்த்திய என் ஒரே வேலை, நான் செய்ய மறந்த வேலைதான்.